விமானத்தையே மறந்த ஏர் இந்தியா... 13 வருஷம் கழித்து வந்த பில்!

ஸ்டாண்டில் பைக்கை மறந்துட்டுப் போறவங்க உண்டு. ஒரு போயிங் விமானத்தையே மறந்தால்?

கொல்கத்தா விமான நிலையத்தின் ஓரத்தில் 2012 முதல் ஒரு போயிங் 737-200 சும்மாவே நின்றது. 1982-ல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்து, பிறகு அலையன்ஸ் ஏருக்குப் போய், கடைசிக் காலத்தில் தபால் மூட்டை சுமந்த விமானம். ஏர் இந்தியா 2022-ல் டாடா கைக்குப் போனபோது சொத்துக் கணக்கில் இது இல்லவே இல்லை! உங்க விமானத்தை எடுத்துட்டுப் போங்க என்று விமான நிலையம் சொன்ன பிறகுதான், நம்முடையதா என்று தேடிப் பார்த்தார்கள். பார்க்கிங் கட்டணம் மட்டும் சுமார் 1 கோடி ரூபாய்.

ஏன் இப்படி? பழைய விமானத்தை மறுபடி பறக்க வைக்கும் செலவு, அதன் விலையையே தாண்டிவிடும். நிறுவனம் கைமாறினாலோ மூடினாலோ கேட்க நாதியில்லை. 2015-ல் கோலாலம்பூரில் நின்ற மூன்று 747-களின் உரிமையாளரைத் தேடி பேப்பரில் விளம்பரமே கொடுத்தார்கள்.

கொல்கத்தா விமானத்துக்கு காயலாங்கடை யோகம் இல்லை. 2025 நவம்பரில் டிரெய்லரில் ஏறி, ரோடு வழியாகவே பெங்களூரு கிளம்பியது. இனி விமானப் பராமரிப்பு படிப்பவர்கள் அதைக் கழற்றி மாட்டிப் பழகுவார்கள்.