காயாத பிரைமர்

மழைக்கால மும்பையில் கார் வண்ணப் பட்டறை நடத்துவோர் அறிந்த தொல்லை இது: பிரைமர் பூசி ஓரிரவு கடந்தும் நகம் பதிகிறது; தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்கிறது. மழையைக் குறைகூறுமுன், கலந்த கோப்பையில் மிஞ்சியதைப் பாருங்கள்.

இருகூறு பிரைமர் காற்றில் உலர்ந்து மட்டும் கெட்டியாவதன்று. ஹார்டனருடன் வினைபுரிந்தே இறுகும். கோப்பையிலும் இறுகவில்லையெனில் பிழை கலவையில்தான்: டப்பாவில் 4:1 என்றிருக்க, கண்ணளவால் ஊற்றியிருப்பர், அல்லது மூடாது வைத்த ஹார்டனர் ஈரம் உறிஞ்சிக் கெட்டிருக்கும். இனி வெப்பமூட்டியும் பயனில்லை; தின்னரால் துடைத்து, உலோகம்வரை சுரண்டி மீண்டும் பூசவேண்டியதே. கோப்பையில் கல்லாகி, காரில் மட்டும் மென்மையெனில், தடித்த பூச்சுக்குள் கரைப்பான் சிக்கியிருக்கலாம். மிதமான வெப்பமும் பொறுமையும் போதும். பொறுக்காது மேல்வண்ணம் ஏற்றினால், தவணைக்கென ஒதுக்கிய தொகை மறுபூச்சுக்குப் போய்விடும்.