வால் போய்க் கால் வந்தது!

மழை ஓய்ந்த மறு வாரம் தெருவோரக் குட்டையில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் கறுப்புப் பொடிகளைப் பார்த்திருப்பீர்கள். மீன் குஞ்சு என்று எண்ணி அவற்றைச் சீசாவில் பிடித்து வந்து ஏமாந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! கால் முளைத்த பிறகுதானே குட்டு வெளிப்படும்!

தலைப்பிரட்டை தவளையாவது லேசான காரியம் அல்ல. கால் முளைக்க வேண்டும். வால் கரைய வேண்டும். பாசி தின்ற நீண்ட குடல், பூச்சி தின்னத் தோதாகச் சுருங்க வேண்டும். இத்தனைக்கும் உத்தரவு போடுவது யார்?

1912-ல் குடர்நாட்ஷ் என்ற விஞ்ஞானி, தலைப்பிரட்டைகளுக்குக் குதிரையின் தைராய்டு சுரப்பியைத் தீனியாகப் போட்டார். அவை அவசர அவசரமாகத் தவளைகளாயின. ஆனால் எல்லாம் குள்ளத் தவளைகள்! 1916-ல் அமெரிக்காவில் பென்னட் ஆலன் தைராய்டு சுரப்பியையே எடுத்துவிட்டுப் பார்த்தார். பிரட்டைகள் பெருத்துக்கொண்டே போயினவே தவிர, தவளையாகவில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியை எடுத்தாலும் இதே கதிதான். தைராய்டை முடுக்கிவிடுவது அதுவல்லவா?

இதில் ஒரு வேடிக்கை. ரத்தத்தில் ஓடும் அதே தைராய்டு ஹார்மோன் காலிடம் 'வளர்' என்கிறது. வாலிடம் 'மடி' என்கிறது. கடுதாசி ஒன்றுதான், படிக்கிற வீடுதான் வேறு!

இதற்கு ஒரு கூட்டாளியும் உண்டு. கார்ட்டிகோஸ்டிரோன் என்று பெயர். ஆபத்துக் காலத்தில் ஊறும் ஹார்மோன். தனியாக அதனால் பிரட்டையைத் தவளையாக்க முடியாது. ஆனால் தைராய்டு ஹார்மோனை இன்னும் வீரியமுள்ள வடிவமாக மாற்ற அது உதவுகிறது. இரண்டும் சேர்ந்தால் வேலை மடமடவென்று நடக்கும்.

இந்தக் கூட்டு எதற்கு? அமெரிக்காவின் மேற்கே வறண்ட சீமைகளில் மண்வெட்டித் தேரை என்று ஓர் இனம் இருக்கிறது. மழைக் குட்டையில்தான் முட்டையிடும். குட்டை வற்றுவதற்குள் குஞ்சு கரையேறியாக வேண்டும், இல்லாவிட்டால் கருவாடுதான்! 1990-களில் ராபர்ட் டென்வர் என்ற ஆராய்ச்சியாளர் தொட்டி நீரைக் குறைத்துக்கொண்டே வந்து கவனித்தார். நீர் குறையக் குறைய, பிரட்டையின் மூளையில் ஒரு ஹார்மோன் கூடியது. தைராய்டு, கார்ட்டிகோஸ்டிரோன் இரண்டையும் கிளப்பிவிடுவது அதுவே. மருந்து கொடுத்து அதைத் தடுத்தபோது, பிரட்டைக்கு அந்த அவசரமே வரவில்லை!

அவசரத்துக்கு விலையும் உண்டு. முன்கூட்டிக் கரையேறும் தேரை சின்னஞ் சிறியது; உடம்பில் சேமிப்புக் குறைவு. பாவம், அதற்கு யோசிக்க ஏது நேரம்? பின்னங்காலில் உள்ள மண்வெட்டியால் ஈர மண்ணைத் தோண்டி, வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய் மறைந்துகொள்கிறது.