சத்து மாத்திரை வாங்கும் முன்பு...

வேலையில் இருக்கும் வரை மருந்துக் கடைப் பக்கமே போகாதவர்கள்கூட, ஓய்வு பெற்றதும் மாத்திரை டப்பாவும் கையுமாக ஆகிவிடுகிறார்கள். மும்பையில் தாராவி, செம்பூர், முலுண்டு என்று நம்மவர்கள் வாழும் வீடுகளில் அலமாரியைத் திறந்தால் தெரியும். ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரு பக்கம். இங்குள்ள டாக்டர் கொடுத்தது ஒரு பக்கம். "உடம்புக்குத் தெம்பு" என்று பிள்ளைகள் வாங்கி வந்த சத்து மாத்திரை வேறு.

பிராவிடண்டு பணத்தின் வட்டியில் காலம் தள்ளும் குடும்பத்துக்கு, மாதம் சில நூறு ரூபாய் இப்படிச் செலவாவது சிறிய விஷயம் அல்ல. பணமும் போய் உடம்புக்கும் கேடு வந்தால் என்ன செய்வது? எனவே புதிதாக ஒரு மாத்திரை வாங்குவதற்கு முன், இப்போது சாப்பிடும் மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே மருந்து, இரண்டு பெயர்

மாத்திரை அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பெயர். மற்றொன்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் அம்லோடிபின் என்ற மருந்தை எத்தனையோ கம்பெனிகள் வெவ்வேறு பெயரில் விற்கின்றன. திருநெல்வேலி டாக்டர் ஒரு பெயரில் எழுதுவார். மும்பை டாக்டர் இன்னொரு பெயரில் எழுதுவார். இரண்டும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்கினால் கால் வீங்கும், தலை சுற்றும். வயதான காலத்தில் தலை சுற்றிக் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், எழுந்து நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டியது இல்லை.

எந்தச் சத்து யாருக்கு?

சத்து மாத்திரை டப்பாக்களில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க லைசென்சு எண் இருக்கும். "மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல" என்ற வாசகமும் ஆங்கிலத்தில் அச்சாகி இருக்கும். அதாவது, அது உணவு வகையைச் சேர்ந்தது. சர்க்கரை நோயையோ மூட்டு வலியையோ குணப்படுத்தும் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால், உண்மையிலேயே சத்துக் குறைவு உள்ளவர்களுக்கு மாத்திரை தேவைதான். வைட்டமின் பி-12 பால், முட்டை, மீன், இறைச்சியில்தான் கிடைக்கிறது. சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கும் இது குறையக்கூடும். கால் மரத்துப்போவது சர்க்கரையால்தான் என்று இருந்துவிடாமல், டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

வைட்டமின் டி பற்றி அமெரிக்காவில் 25 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களிடம் ஆராய்ச்சி நடந்தது. பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் கொடுத்து 5 ஆண்டுகள் கவனித்தார்கள். புற்றுநோயோ, மாரடைப்போ வருவது அதனால் குறையவில்லை என்று 2018-ல் முடிவு வெளியானது. எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022-ல் தெரிந்தது. குறைபாடு இருப்பவர்களுக்கு மட்டுமே அது பயன்படும்.

இங்கே டாக்டர்கள் வழக்கமாக எழுதுவது 60,000 யூனிட் மாத்திரை. வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், சில வாரங்களுக்கு மட்டும் சாப்பிட வேண்டியது அது. தினம் ஒன்றாகச் சாப்பிட்டால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தி, மலச்சிக்கல் உண்டாகி, சிறுநீரகமே கெட்டுவிடக்கூடும்.

கால்சியம் மாத்திரையையும் தைராய்டு மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. 4 மணி நேரம் இடைவெளி வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. மும்பைக் கடைகளில் "நாச்சணி" என்று கேட்டால் கொடுப்பார்கள்.

வயதானவர்களுக்கு ரத்தசோகை என்றால், இரும்புச்சத்து மாத்திரை வாங்கி விழுங்குவதோடு விட்டுவிடக் கூடாது. வயிற்றிலோ குடலிலோ ரத்தக் கசிவு இருக்கலாம். காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கேட்டு வாங்கும் மாத்திரைகள்

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுப்ரூபன் மாத்திரைகள் ரத்தக் கொதிப்பை ஏற்றும். சிறுநீரகத்தையும் வயிற்றையும் புண்படுத்தும். தூக்க மாத்திரை சாப்பிட்டவர்கள் இரவில் எழுந்து போகும்போது தடுமாறி விழுவது உண்டு. சளிக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடும். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்று பொருள்.

செலவைக் குறைக்க வழி

2008-ல் தொடங்கிய மக்கள் மருந்தகத் திட்டக் கடைகள் வடநாட்டிலும் உண்டு. "ஜன் ஔஷதி" என்ற பலகையைப் பார்த்துப் போங்கள். மருந்தின் பெயரைச் சொன்னால், கம்பெனி மருந்தைவிட மிகக் குறைந்த விலையில் கிடைக்கும்.

ஆலைத் தொழிலாளர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இ.எஸ்.ஐ.யில் குறைந்தது 5 ஆண்டுகள் இருந்து, வயது காரணமாக ஓய்வு பெற்றவர்கள், ஆண்டுதோறும் சிறு தொகை கட்டினால் தமக்கும் மனைவிக்கும் தொடர்ந்து சிகிச்சை பெறலாம். மத்திய அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் சி.ஜி.எச்.எஸ். அட்டையைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஒரு தாள் போதும்

சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றும் வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், சத்துப் பவுடர் எதையும் மறைக்காதீர்கள். ஊருக்குப் போனாலும் இங்கே இருந்தாலும், டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாளைக் காட்டி, "இதில் எதை விடலாம்?" என்று கேளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சேர்ப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும்.