பேயா, தெய்வமா? ஊமை ராணியின் மர்மம்

உங்களுக்குத் தெரியுமா?

● 'பொன்னியின் செல்வன்' நாயகன் வந்தியத்தேவனைச் சத்துவாச்சாரிக்காரர்கள் தாராளமாக 'நம்ம பக்கத்து ஆள்' என்று சொல்லிக்கொள்ளலாம். கல்கி அவனை வாணர் குலத்தில் பிறந்தவனாகப் படைத்தார். அந்த வாணர்களின் கல்வெட்டுகள் பாலாற்றுக்கு அக்கரையில், திருவல்லம் கோயிலில் இருக்கின்றன.

● 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த அந்தக் கதையில், ஒரே பெண் தகப்பனுக்குப் பேய், மகனுக்குத் தெய்வம்! இளவயதில் தான் காதலித்த ஊமைப் பெண் கோடிக்கரையில் கடலில் குதித்து இறந்துவிட்டாள் என்று நம்புகிறார் சுந்தர சோழர். அவள் ஆவி இரவில் வந்து தன்னை வதைப்பதாக நடுங்குகிறார். அவர் மகன் அருள்மொழியோ, சிறுவயதில் காவிரியில் விழுந்த தன்னைத் தூக்கிக் காப்பாற்றியவளைக் காவேரி அம்மன் என்றே நினைத்திருக்கிறான். 'பொன்னியின் செல்வன்' என்ற பெயரே அப்படித்தான் வந்தது. ஆனால் அவள் பேயுமில்லை, அம்மனுமில்லை. உயிரோடிருக்கும் ஊமை ராணி மந்தாகினி! வாய் பேச முடியாதவள் என்பதால், இலங்கையில் தன் கதையைச் சுவர்ச் சித்திரங்களாக வரைந்து வைத்து, அருள்மொழியைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். ஐந்து பாகங்களிலும் என் மனதை விட்டு அகலாத இடம் இதுதான்.

● அப்படியானால் அரண்மனையில் மன்னர் கண்ட 'ஆவி'? அது கதையின் வில்லி நந்தினி போட்ட வேஷம். மந்தாகினியின் முகச்சாயல் அவளுக்கு அப்படியே இருந்தது. மணிரத்னத்தின் திரைப்படத்தில் (2022, 2023) இரண்டு வேடமும் ஐஸ்வர்யா ராய்க்கே. என்னைக் கேட்டால், வேஷம்தான் நந்தினியுடையது. பயம் மன்னரின் குற்றவுணர்ச்சி போட்டது.

● மந்தாகினியின் மகள்தான் நந்தினி. ஆனால் அவள் தகப்பன் சுந்தர சோழரா, பாண்டிய மன்னன் வீரபாண்டியனா? வாசகர்கள் இன்னும் விடாமல் வாதாடுகிறார்கள். சுந்தர சோழர்தான் என்று அவர் மகள் குந்தவையே ஒரு கட்டத்தில் நம்புகிறாள்!

● அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையில் ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரைக் காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நந்தினி அதில் இல்லை. அவள் முழுக்க முழுக்கக் கல்கியின் கற்பனை.

● சுந்தர சோழரின் தந்தை அரிஞ்சயனுக்கு ராஜராஜன், அதாவது அந்தப் 'பொன்னியின் செல்வன்', எழுப்பிய பள்ளிப்படைக் கோயில் பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் இருக்கிறது. திருவல்லத்தையும் சேர்த்து ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.