சீறுகிற குட்டி மடியில் தூங்கும் வரை

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது 'சி.என்.சி. இயந்திரம் பற்றி எழுதேன்' என்று நண்பர்கள் சொன்னார்கள். அதைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர். நான் கையால் செய்து பார்த்துக் கற்றது வேறொரு விஷயம்: பூனைக்குட்டியைப் பழக்குவது. சிரிக்காதீர்கள்! சிரித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

போன செமஸ்டரில் ஃபவுண்டரிக்குப் பின்னால் கிடந்த உடைந்த மோல்டிங் பெட்டிக்குள் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது பலருக்குத் தெரியும். ஒன்று செவலை, ஒன்று கறுப்பு, ஒன்று வரிக்குட்டி. போன ஈத்துக் குட்டி ஒன்றும், நாலு மாசம் இருக்கும், கூடவே திரிந்தது. இவை மோல்டிங் மணலைக் கக்கூஸாக்கியதும் புகார் போய்விட்டது. "லீவு விடுறதுக்குள்ள பழகிச்சுன்னா யாராவது எடுத்துட்டுப் போங்க. இல்லேன்னா சாக்குல கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டார்கள். லீவுக்கு 24 நாள்தான் இருந்தது.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

முதல் தப்பு

முதல் நாளே வெல்டிங் ஷாப்பிலிருந்து தோல் கையுறையைக் கடன் வாங்கி மாட்டிக்கொண்டு, பெட்டிக்குள் கையை விட்டு ஒரு குட்டியைப் பிடித்தேன். அது சீறி, துள்ளி, கையுறைக்கு மேலே முழங்கைப் பக்கம் பல்லைப் பதித்துவிட்டு ஓடிப்போனது. உள்ளங்கை அளவு கூட இல்லாத குட்டி!

அன்று மாலை அரசு மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே ஊசிதான். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நாலு தடவை. கடைசி ஊசியை லீவில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொண்டேன். பூனை கடித்தாலும் சரி, ரத்தம் வரப் பிறாண்டினாலும் சரி, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'குட்டிதானே' என்று விட்டுவிடாதீர்கள். வெறிநோய் வந்த பிறகு அதற்கு மருந்து கிடையாது.

இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காதவர். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். அம்மா சொன்னது இது: "மிரண்ட கன்னுக்குட்டியைக் கயித்தைப் போட்டு இழுத்தா, அது கயித்தைத்தான் நெனச்சுக்கிட்டு நிக்கும். தவிட்டை நீட்டிக்கிட்டுச் சும்மா உக்காருடா. அதுவா வரும்."

பிறகு நான் தேடிப் படித்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்கு விளக்கம்தான்.

ஏன் மிரள்கிறது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். இவை காட்டுப்பூனை அல்ல. கரும்புக்காட்டிலும் புதரிலும் வாழும் காட்டுப்பூனை வேறு இனம். அதற்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. அதன் குட்டியைக் கண்டால் தொடாமல் வந்துவிட வேண்டும், தாய் பக்கத்திலேயே இருக்கும். நான் சொல்வது வீட்டுப்பூனை இனம்தான். ஆனால் மனிதக் கை படாமலே வளர்ந்தது. எங்கள் ஊரில் 'ஆளண்டாப் பூனை' என்பார்கள்.

பூனை மனிதனோடு சேர்ந்து ரொம்பக் காலமாகிவிட்டது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்திய ஒரு மனிதக் கல்லறையின் பக்கத்திலேயே பூனை ஒன்றும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அவ்வளவு பழைய உறவு இருந்தும், பிறக்கிற ஒவ்வொரு குட்டியும் மனிதனைப் புதிதாகத்தான் கற்றுக்கொள்கிறது. அதற்கு ஒரு பருவம் இருக்கிறது: பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. இந்த நாட்களில் குட்டி எதைப் பார்க்கிறதோ, முகர்கிறதோ, அதெல்லாம் 'நம்ம உலகம்' என்று மனசில் பதிகிறது. பிறகு பயம் முந்திக்கொள்கிறது. அதற்கப்புறம் புதிதாக வருவதெல்லாம் எதிரி!

அமெரிக்காவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐலீன் கார்ஷ் 1980-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். மூன்றாம் வாரத்திலேயே கைபட்ட குட்டிகள், ஏழாம் வாரத்தில் தொடங்கியவற்றைவிட மனிதரிடம் அதிக நேரம் தங்கின. தினம் 15 நிமிடம் கையில் இருந்தவற்றைவிட, 40 நிமிடம் இருந்தவை ஆளிடம் சீக்கிரம் வந்தன.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண் திறக்க ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். மூன்று வாரத்தில் முன்பல் தெரியும், தள்ளாடி நடக்கும். ஆறேழு வாரம் வரை கண் நீலமாக இருக்கும். பிறக்கும்போது எடை 100 கிராம் அளவில் இருக்கும், வாரத்துக்கு 100 கிராம் வரை ஏறும். எங்கள் குட்டிகளை மெஸ் தராசில் நிறுத்தோம். மூன்றும் 450-க்கும் 500-க்கும் நடுவில். அதாவது ஐந்து வாரத்தை ஒட்டி. அப்படியானால் நமக்கு இருக்கும் பருவம் இன்னும் இரண்டு மூன்று வாரம்தான். லீவுக்கு மட்டுமல்ல, குட்டிகளுக்கும் கெடு அதுவே!

நாங்கள் செய்த முறை

சின்ன இடம்: பெரிய அறையில் விட்டால் கட்டிலடியில் போய் ஒளிந்துகொள்ளும், பிறகு கண்ணிலேயே படாது. பழைய மரப்பெட்டிக்குக் கம்பி வலை அடித்து, மெஸ் ஸ்டோர் ரூம் மூலையில் வைத்தோம். உள்ளே ஒளிய ஓர் அட்டைப்பெட்டி, தண்ணீர், மலம் கழிக்க ஒரு தட்டில் மணல். மோல்டிங் மணல்தான், வேறென்ன! குட்டிகளைக் கனத்த துண்டு போட்டு மூடி, துண்டோடு சேர்த்து எடுத்தோம். கையுறை வேண்டாம். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அதில் தெரியாது.

ஐந்து வாரத்துக் குட்டி தானாகத் தின்னும், அதனால் தாயிடமிருந்து எடுக்கலாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். முதல் இரண்டு இரவும் தாய்ப்பூனை ஸ்டோர் ரூம் ஜன்னலைச் சுற்றிக் கத்திக்கொண்டே இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. சாக்கை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் தொடவே கூடாது: பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில் எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும். என்ன பேசுவது? நான் தெர்மல் இன்ஜினியரிங் நோட்ஸை வாய்விட்டுப் படித்தேன். குட்டிகளுக்கு என் குரல் பழகியது, எனக்குப் பாடம் மனப்பாடமானது. அந்தப் பேப்பரில் அரியர் விழவில்லை என்பதையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்!

சாப்பாடு நம் கையால்: பட்டினி போடக்கூடாது, குட்டி தாங்காது. நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். முதலில் நீளமான கரண்டி நுனியில், பிறகு சின்ன ஸ்பூனில், பிறகு விரலில், பிறகு மடியில். உப்பு காரம் போடாமல் வேகவைத்து முள் எடுத்த மீன், கோழிக்கறி, முட்டை எல்லாம் தரலாம். மெஸ் குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். பசும்பாலும் வேண்டாம், வயிற்றால் போகும். வெறும் சோறும் போதாது. பூனைக்குக் கட்டாயம் தேவையான டாரின் என்ற சத்து மாமிசத்தில்தான் இருக்கிறது.

தொடும் விதம்: தின்றுகொண்டிருக்கும்போது பக்கவாட்டிலிருந்து தோளை ஒரு விரலால் தொடுங்கள். மேலேயிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி. கன்னம், தாடை பிடிக்கும், வயிறு பிடிக்காது. சீறினால் அது கோபமல்ல, பயம். அப்போது கையை வெடுக்கென்று இழுத்தால் 'சீறினால் ஆள் போய்விடுவான்' என்று கற்றுக்கொள்ளும். அசையாமல் இருந்து, அது அடங்கியதும் மெதுவாக எடுங்கள். உற்றுப் பார்க்காதீர்கள். கண்ணை மெதுவாக மூடி மூடித் திறங்கள். அப்படிச் செய்பவரிடம் பூனை நெருங்கி வருகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் எழுதியிருக்கிறார்கள்.

தனித்தனியாக: மூன்றும் சேர்ந்திருந்தால் ஒன்றின் பயம் மற்றதற்கும் தொற்றும். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு மொத்தம் 40 நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம்.

பல கை பழக வேண்டும்: ஒருவரிடமே பழகினால் மற்றவரைக் கண்டு ஓடும். அறைத்தோழர்கள் இருவரும் மெஸ் அண்ணனும் முறை போட்டு வந்தார்கள். ஒரு குச்சியில் கோழி இறகு கட்டி விளையாட்டும் காட்டினோம். விரலைக் கடிக்கவிட்டு விளையாடக் கூடாது. நூலை அதனிடம் விட்டுவிட்டுப் போகவும் கூடாது, விழுங்கினால் குடல் போய்விடும்.

செவலை மூன்றாம் நாளே விரலை நக்கியது. வரிக்குட்டிக்கு ஆறு நாள். கறுப்பு மட்டும் பத்து நாளாகியும் மூலையிலேயே சுருண்டு சீறிக்கொண்டிருந்தது. ஒரே வயிற்றில் பிறந்ததில் ஏன் இந்த வித்தியாசம்? அப்பன் பூனை துணிச்சலும் நட்பும் உள்ளதாக இருந்தால் குட்டியும் துணிச்சலாக இருக்கும் என்று சாண்ட்ரா மெக்கூன் 1995-இல் காட்டினார். ஒரே ஈத்தில் பிறந்த குட்டிகளுக்கு வேறு வேறு அப்பன் இருப்பதும் உண்டு.

பதின்மூன்றாம் நாள் இரவு நோட்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். மடியில் ஏதோ சூடாக ஏறியது. குனிந்து பார்த்தேன், கறுப்பு! நான் தூக்கவில்லை, கூப்பிடவில்லை. அதுவாக வந்தது. ஒரு மணி நேரம் கால் மரத்துப் போயும் நான் அசையவே இல்லை.

வராத குட்டி

நாலு மாசக் குட்டியையும் இதே மாதிரி முயன்றோம். இரண்டு வாரம் போயும் நான் நெருங்கினால் தட்டை விட்டு ஓடியது. அதன் பருவம் தாண்டிவிட்டது. மாதக்கணக்கில் உழைத்தால் சில பெரிய பூனைகளும் பழகும் என்கிறார்கள், எங்களிடம் அத்தனை நாள் இல்லை. அதைக் கூண்டில் அடைத்து வைப்பது பழக்கமல்ல, தண்டனை.

அதனால் வேறு வழி பார்த்தோம். ஷீட் மெட்டல் ஷாப்பில் எலிப்பொறி மாதிரியே பெரிதாக ஒரு கூண்டு செய்தோம். உள்ளே தகட்டை மிதித்தால் கதவு விழும். அதில் அதையும் தாயையும் பிடித்து, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கருத்தடை செய்து, அடையாளத்துக்குக் காது நுனி வெட்டி, அதே இடத்தில் விட்டுவிட்டோம். பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகும், ஒன்பது வாரத்தில் குட்டி போடும். கருத்தடை செய்யாமல் குட்டியை மட்டும் பழக்குவது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை. இப்போது இரண்டும் மெஸ் பின்னால் எலி பிடித்துக்கொண்டு திரிகின்றன. இவை இருக்கிறவரை எலி வராது என்று மெஸ் அண்ணன் வாதாடி, சாக்குப் பேச்சை நிறுத்திவிட்டார்.

குட்டிகளையும் அதே மருத்துவரிடம் காட்டிப் பூச்சி மருந்து கொடுத்தோம். எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. காய்ச்சல் என்று நம் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், பூனை செத்துப்போகும். தரை துடைக்கும் ஃபினாயிலும் ஆகாது.

நிறைவாக

செவலை வாட்ச்மேன் தாத்தா வீட்டில் இருக்கிறது. வரிக்குட்டி அறைத்தோழன் ஊருக்குப் போனது. கறுப்பு எங்கள் வீட்டில், அம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்கிறது.

முதலாண்டில் நானும் அந்தக் கறுப்புக்குட்டி மாதிரிதான் இருந்தேன். இங்கிலீஷில் பாடம், கடைசி பெஞ்சு, யாராவது கேள்வி கேட்டால் வெடுக்கென்று பதில். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் புரியாமல், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியைக் கட்டிய நாளும் உண்டு. ஒரு சீனியர் அண்ணன் தினம் இரவு அரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பாட்டுக்கு வரைந்துகொண்டிருப்பார். நான் எதையும் கேட்காதவரை அவரும் எதுவும் சொல்லமாட்டார். எட்டாவதோ ஒன்பதாவதோ நாள் நானாகக் கேட்டேன்.

அடுத்த ஆண்டு புதிதாக வருகிற தம்பி தங்கைகளில் யாராவது முகம் கொடுக்காமல் ஒதுங்கி நின்றால், 'திமிர் பிடிச்சவன்' என்று சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நாள் பக்கத்தில் உட்காருங்கள்.

ஃபவுண்டரிப் பக்கம் மறுபடி குட்டிச் சத்தம் கேட்டால் என்னிடம் சொல்லுங்கள். கூண்டுப்பொறி ஸ்டோர் ரூமில் அலமாரிக்கு மேலே இருக்கிறது.