ஒரு நாள் லீவு

"என்ன சார், கல்யாணச் சாப்பாடு எப்படி? பாயசம் எத்தனை டம்ளர்?"

2023 நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தஞ்சாவூரில் என் ஆபீஸுக்குள் நுழைந்ததும் மேனேஜர் கேட்ட கேள்வி இது. முதல் நாள் லீவ் லெட்டரில் 'நெருங்கிய உறவினர் திருமணம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "ரெண்டு டம்ளர் சார்" என்று சொல்லிவிட்டு சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

கல்யாணமாவது, பாயசமாவது! அந்தத் திங்கட்கிழமை நானும் என் மனைவியும் பட்டுக்கோட்டையில் ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். கருக்கலைப்பு.

எங்கள் பையனுக்கு அப்போது எட்டு மாசம். 'பால் குடுக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாது' என்று அதிராம்பட்டினத்தில் எங்கள் தெருவே சொல்லும், நானும் நம்பினேன். அது முதல் ஆறு மாதத்துக்குத்தான், அதுவும் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் என்று டாக்டர் சொன்னபோது ஆறு வாரம் ஓடியிருந்தது. சிசேரியன் தையல் வலியே அவளுக்கு முழுசாகப் போகவில்லை. "இன்னொண்ணு இப்ப என்னால முடியாதுங்க" என்றாள். அம்மா, அக்கா வீட்டுக்கு முத்துப்பேட்டை போயிருந்த வாரமாகப் பார்த்துத் தேதி குறித்தோம்.

முதலில் ஸ்கேன். கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா, குழாயில் தங்கிவிட்டதா என்று பார்க்க. குழாயில் இருந்தால் மாத்திரை வேலை செய்யாது, உயிருக்கே ஆபத்து. கடையில் மாத்திரை வாங்கித் தாங்களே போட்டுக்கொள்கிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் ஒரு பாரத்தை நீட்டி என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள். பெரிய மனுஷன் மாதிரி பேனாவைத் திறந்து போட்டேன். சட்டத்தில் அந்தக் கையெழுத்துக்கு வேலையே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது! 1971-ல் வந்த சட்டப்படி, 18 வயதான பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். தன்னைக் கேட்காமல் மனைவி கலைத்துவிட்டாள் என்று நஷ்ட ஈடு கேட்டு ஒரு கணவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2017-ல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். கருத்தடை தவறியதைக் காரணமாகச் சொல்ல முன்பு கல்யாணமானவர்களுக்குத்தான் இடமிருந்தது. 2021 திருத்தத்தில் அந்தக் கட்டுப்பாடும் போய்விட்டது. (ஆணா பெண்ணா என்று பார்த்துக் கலைப்பது மட்டும் அன்றும் இன்றும் குற்றம்.)

கையெழுத்து தேவையில்லை என்றால் நமக்கு என்னதான் வேலை? அங்கேதான் நான் கோட்டை விட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் கொடுத்தது ஒரே ஒரு மாத்திரை. மிஃபெப்ரிஸ்டோன். கருவைத் தாங்கும் ஹார்மோனைத் தடுக்கும். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தாள். ஒன்றுமே ஆகவில்லை. 'இவ்வளவுதானா?' என்று நான் டி.வி. பார்த்தேன். அடுத்த மாத்திரைகளை, அதாவது மிசோப்ரோஸ்டாலை, ஒன்று அல்லது இரண்டு நாள் கழித்துப் போட வேண்டும். அதுதான் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து எல்லாவற்றையும் வெளியே தள்ளும். அதாவது நான் லீவு எடுத்தது தப்பான நாளில்!

புதன்கிழமை ஆடிட். போய்விட்டேன். மத்தியானம் போன். "சீக்கிரம் வாங்க" என்றாள். பின்னால் பையன் அழுகிற சத்தம். பட்டுக்கோட்டையில் பஸ் மாறி, மழையில் நனைந்து வீடு போய்ச் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. 2018-ல் கஜா புயல் அடித்த ராத்திரிகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

பாத்ரூம் வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குளிரில் பல் கிட்டியது. மடியில் பையன். "என்னென்னவோ கட்டி கட்டியா போச்சுங்க. நான் செத்துப் போயிடுவேன்னு நெனச்சேன்." டாக்டருக்குப் போன் போட்டேன். எத்தனை பேட் மாற்றினாள் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? அவளே விரலை மடக்கி எண்ணிச் சொன்னாள். "பயப்படாதீங்க, இது எதிர்பார்த்ததுதான்" என்றார்.

எதிர்பார்த்ததாம்! எங்களிடம் யாரும் விவரமாகச் சொல்லவில்லையே. ஆகவே நான் சொல்கிறேன். இரண்டாவது மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் வயிற்றை முறுக்கும், மாதவிலக்கு வலியைவிட அதிகமாக. கட்டி கட்டியாக ரத்தம் போகும். நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, லேசான ஜுரம் வரலாம், ஒரே நாளில் அடங்கிவிடும். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை, வயிற்றுக்கு வெந்நீர் ஒத்தடம், குடிக்கக் கஞ்சி, குழந்தையைத் தூக்க இன்னொரு ஆள். இந்த நான்கும் வீட்டில் இருக்க வேண்டும். நான்காவது ஆள் அன்றைக்கு ஆடிட்டில் இருந்தான்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேட் முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால், மயக்கம் வந்தால், ஜுரம் 100.4 டிகிரியைத் தாண்டி ஒரு நாளுக்கு மேல் நின்றால், துர்நாற்றம் அடித்தால் யோசிக்காதீர்கள், 108-தான். 24 மணி நேரத்தில் ரத்தமே போகாவிட்டாலும் டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றபடி லேசான போக்கு இரண்டு வாரம் வரை இருக்கும். அதற்குள்ளேயே மறுபடி கரு தரிக்கலாம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஸ்வாமி!

மாத்திரை 9 வாரம் வரைதான். அதற்கு மேல் போனால் உறிஞ்சி எடுக்கும் முறை, சில நிமிஷ வேலை, பெரும்பாலும் அன்றைக்கே வீடு. சுரண்டி எடுக்கும் பழைய முறை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. முறையாகச் செய்தால் பிறகு குழந்தை பிறக்காது என்பது வீண் பயம்.

உங்கள் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இப்படி ஆனால், சட்டப்படி 6 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. கணவன்மாருக்கு? சொந்தக்காரர் கல்யாணம்தான்!

உடம்பு ஒரு மாதிரி தேறியது. மனசு வேறு கணக்கு. நான் ஆறுதல் என்று நினைத்து, "அதான் முடிஞ்சுதே, விடு" என்றேன். அன்று ராத்திரி அவள் பேசவே இல்லை. மறுநாள் சிரித்தாள். அதற்கு மறுநாள் துணி மடிக்கும்போது அழுதாள். ஹார்மோன் சட்டென்று இறங்குவதும் ஒரு காரணம் என்றார் டாக்டர். நிம்மதியும் துக்கமும் ஒரே நாளில் மாறி மாறி வரும். அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் கருக்கலைப்புக்கு வந்த சுமார் ஆயிரம் பெண்களிடம் ஐந்து வருஷம் தொடர்ந்து விசாரித்தார்கள். கலைத்துக்கொண்டவர்கள் அதிகம் சொன்ன உணர்ச்சி நிம்மதி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் 'எடுத்த முடிவு சரி' என்றார்கள். ஆனாலும் இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, 'எதுக்கு இருக்கணும்' என்று பேச்சு வந்தால் சும்மா இருக்கக் கூடாது. 14416-க்கு போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனை. இந்த முறை லீவ் லெட்டரில் 'மனைவி உடல்நிலை' என்று எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவருக்கும் ஏதோ தெரிந்திருக்கும் போல.

2024 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிணற்றடியில் பையனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே கேட்டாள்: "இந்த மாசம்தான், இல்ல?"

"ம்."

"தப்புன்னு தோணலைங்க. ஞாபகம் வருது, அவ்வளவுதான்."

'விடு' என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"என்ன உட்கார்ந்துட்டீங்க? துண்டை எடுத்துட்டு வாங்க, புள்ள நடுங்குறான்!"

எடுத்துக்கொண்டு வந்தேன்.