தம்பி தங்கைகளுக்கு வழிகாட்டுவோமா?

நண்பர்களே! உங்கள் பள்ளியின் நான்காம் வகுப்புக் குழந்தைகள் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்திற்குச் சுற்றுலா போகிறார்கள். வழிகாட்டியாக வரும்படி ஆசிரியர் உங்களை அழைக்கிறார். என்ன செய்வீர்கள்? பறவைகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டு போய் ஒப்பிப்பீர்களா? பத்தாவது பெயரைச் சொல்வதற்குள் குழந்தைகள் கல் பொறுக்கி விளையாடத் தொடங்கிவிடுவார்கள்!

முதலில் குழந்தைகளை ஐந்தைந்து பேராகப் பிரியுங்கள். குழுவுக்கு ஓர் அண்ணன் அல்லது அக்கா. ஏரிக்கரையில் நடக்கும்போது தண்ணீர்ப் பக்கம் நீங்கள் நடங்கள். அடிக்கடி தலைகளை எண்ணுங்கள். தொப்பியும் குடிநீரும் அவசியம். வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுவது நல்லது.

அடுத்து, ஒரே ஒரு மரத்தைக் காட்டுங்கள். பத்து நிமிடம் அதையே பார்க்கட்டும். எந்தப் பறவை வருகிறது? எது போகிறது? வாயில் என்ன இருக்கிறது? பைனாகுலர் ஒன்று இருந்தால் முறை வைத்துப் பார்க்கலாம்.

நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் மூடாமல் இடைவெளியுடன் இருக்கும். "உடைஞ்சு போச்சா அக்கா?" என்று ஒரு குழந்தை கேட்கலாம். சிரிக்காதீர்கள். அது நல்ல கேள்வி! "எல்லா நாரைக்கும் ஒரே இடத்திலா உடையும்?" என்று திருப்பிக் கேளுங்கள். குஞ்சின் அலகைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் இடைவெளி இராது. வளர வளரத்தான் அது தோன்றும். இந்த அலகின் கூர்முனையால்தான் நாரை, நத்தையின் சதையை ஓட்டிலிருந்து வெளியே எடுக்கிறது. இதைக் குழந்தைகள் யோசித்த பிறகு சொல்லுங்கள், முன்பே சொல்லிவிடாதீர்கள்.

"சத்தம் போடாதே!" என்று அதட்டினால் அமைதி இரண்டு நிமிடம்தான் நீடிக்கும். காரணத்தைச் சொல்லுங்கள். தாய்ப்பறவை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருகிறது. நம் கூச்சலுக்கு மிரண்டு அது பறந்துவிட்டால், இறகு முளைக்காத குஞ்சு வெயிலில் வாடும். காகம் முட்டையைக் கொத்திப் போகும். இது தெரிந்தால் குழந்தைகளே ஒருவரையொருவர் "உஷ்!" என்பார்கள்.

வேடந்தாங்கல் மக்களுக்கு இது பழைய பாடம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. ஆகவே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடுவோரிடமிருந்து காக்கும்படி அவர்கள் அன்றைய ஆங்கிலேயக் கலெக்டரிடம் முறையிட்டு உரிமை பெற்றார்கள். சரணாலயச் சட்டங்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே நடந்தது இது!

உங்களுக்கு விடை தெரியாத கேள்வியும் வரும். "எனக்கும் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அறிவியல் தொடங்கும் இடமே அதுதானே?

திரும்பும் வழியில் பரீட்சை வைக்க வேண்டாம். "நீ பார்த்ததில் ஒன்று சொல்" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் கவனிக்காத ஒன்றை ஏதாவதொரு குட்டி கவனித்திருக்கும்!